ரேஞ்சில் சுட எது நல்லது: குட்டைப் பேரல் ரிவால்வரா, நீளப் பேரலா, ஏர் பிஸ்டலா?

போன மாதம் அக்கா மகன் ராமநாதபுரம் பக்கம் எங்கள் தேவிபட்டினத்துக்கு வந்திருந்தான். எட்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு, இனி ஊரோடுதான் என்று வந்தவன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும், "மாமா, ஒரு சின்ன ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். உங்ககூட மதுரை ரேஞ்சுக்கு வந்து குறி பாத்துச் சுடப் பழகணும். சின்னதா இருந்தா பழகச் சுலபமா இருக்கும்ல?" என்றான்.

"சின்னதுதான் மாப்ள கஷ்டம்" என்றேன். அவன் நம்பவில்லை. அன்று அவனிடம் விட்டு விட்டுச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நம் கடற்கரைப் பக்கத்தில் இதே கேள்வியோடு இருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நான் ராணுவத்தில் இருந்தவன். அங்கே பிடித்ததெல்லாம் ரைபிள். ஊருக்கு வந்தபிறகு லைசென்ஸ் எடுத்து வாங்கியது கான்பூரில் செய்த .32 ரிவால்வர் (.32 என்பது அங்குலத்தில் சொல்லும் தோட்டா அளவு). தோட்டா வெளியேறும் குழலான பேரல் மூன்று அங்குலம், அதாவது 76 மி.மீ. ஆறு தோட்டா போடும். பன்னிரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை அதை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சுடுகிறேன். ஆகவே குட்டைப் பேரலைப் பற்றி நான் சொல்வது அதன்மேல் வெறுப்பில் சொல்வதில்லை. என் கையில் இருப்பதே அதுதான்.

முதலில் எல்லோரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குட்டைப் பேரல் என்றால் தோட்டா கோணலாகப் போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேரலுக்குள் இருக்கும் சுருள் வரி தோட்டாவைச் சுழற்றிவிட இரண்டு அங்குலமே போதும். துப்பாக்கியை அசையாமல் ஒரு தாங்கியில் கட்டிவைத்துப் பத்து மீட்டரில் சுட்டால், குட்டைப் பேரலும் நீளப் பேரலும் காகிதத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டை போடும். வேகம் கொஞ்சம் குறையும். காகிதத்தில் ஓட்டை போட அந்த வேகம் ஒரு பொருட்டில்லை. கஷ்டம் முழுக்க, அது மனிதன் கைக்கு வரும்போதுதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். துப்பாக்கியில் பின்னால் ஒரு பிளவு, முன்னால் ஒரு மேடு. இவற்றைத்தான் சைட் என்கிறோம். இரண்டையும் ஒரு கோட்டில் வைத்துத்தான் குறி பார்க்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் மேடு பிளவின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் காகிதத்தில் தோட்டா 100 மி.மீ. விலகி விழும். அதே இடைவெளி 220 மி.மீ. என்றால் விலகல் 45 மி.மீ.தான். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டலில் 340 மி.மீ. வரை கிடைக்கும். அங்கே அதே தப்புக்கு 29 மி.மீ. தப்பு ஒன்றுதான், தண்டனைதான் மூன்று மடங்குக்கு மேல்.

25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கான காகிதத்தில் பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 50 மி.மீ., கருப்பு முழுவதும் 200 மி.மீ. அந்தக் காகிதத்தைப் பத்து மீட்டரில் மாட்டிச் சுட்டாலும், 100 மி.மீ. விலகிய தோட்டா கருப்பின் விளிம்பில் ஏழுக்குப் போய்விடும். 45 மி.மீ. விலகியது ஒன்பதில் நிற்கும். புதிதாகச் சுட வருகிறவனுக்கு ஏழும் ஒன்பதும் மனசில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஒன்பது விழுந்தால் மறுபடி வருவான்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் தெரிய வேண்டும். கை ஆடுவது வேறு, சைட் விலகுவது வேறு. கை மொத்தமாக ஐந்து மி.மீ. இடப்பக்கம் போனால் தோட்டாவும் ஐந்து மி.மீ.தான் இடப்பக்கம் போகும். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு முன் மேடு விலகும்போதுதான் தப்பு பெருகிப் பெருகிப் போகிறது. புதியவர்கள் கை ஆட்டத்தைக் கண்டு பயந்து, குறி நடுவில் வரும் அந்த நொடியில் டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் மணிக்கட்டு முறுக்கும். நீளத் துப்பாக்கி இந்தத் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும். குட்டை மன்னிக்காது.

அடுத்தது டிரிக்கர். என் ரிவால்வரின் எடை ஏறக்குறைய 700 கிராம். தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னால் இழுத்து வைக்காமல், டிரிக்கரை மட்டும் இழுத்துச் சுடுவதை டபுள் ஆக்‌ஷன் என்கிறோம். இந்த வகை ரிவால்வர்களில் அதற்கு ஐந்து கிலோ அளவில் இழுவை வேண்டும். 700 கிராம் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஒற்றை விரலால் ஐந்து கிலோ இழுக்க வேண்டும். ஹேமரை இழுத்துவைத்துச் சுட்டால், அதாவது சிங்கிள் ஆக்‌ஷனில், அது இரண்டு கிலோ சுற்றுவட்டத்துக்கு வந்துவிடும். இப்போது போட்டித் துப்பாக்கியைப் பாருங்கள். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலுக்கு (அடியின் நடுவில் ஊசி அடித்து வெடிக்கும் தோட்டா போடுவது) டிரிக்கர் இழுவை குறைந்தது ஒரு கிலோ என்று விதி. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். இந்த வித்தியாசத்தை ஒருமுறை விரலில் உணர்ந்தவர்கள் சின்னது சுலபம் என்று சொல்ல மாட்டார்கள்.

பிடியும் அப்படித்தான். குட்டை ரிவால்வரின் பிடி மறைத்து வைப்பதற்காகச் செய்தது. அக்கா மகன் கை பெரிய கை. என் ரிவால்வரைக் காலியாக்கி, தோட்டா போடும் சிலிண்டரைத் திறந்து காட்டிவிட்டு அவன் கையில் கொடுத்தேன். சுண்டு விரல் பிடிக்குக் கீழே காற்றில் தொங்கியது. மூன்று விரலில் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோ இழுத்தால் முனை எங்கே போகும்?

சரி, கடையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் கைத்துப்பாக்கி என்று வரும்போது பெரும்பாலும் .32 அல்லது .22தான். கான்பூரின் பழைய .32 என்னுடையது மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும், காலிக் கூடுகள் ஒரே தட்டில் வெளியே வரும். 2014-ல் வந்த நிர்பீக் அதே .32, ஆனால் டைட்டானியம் கலவையில் செய்து எடையை 500 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வெளியிட்டார்கள். அப்போதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2023-ல் வந்தது பிரபல். பேரல் 76 மி.மீ.தான், ஆனால் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். இந்தியாவில் செய்ததில் அப்படித் திறப்பது இதுதான் முதல். நிடார் என்று ஒன்று, .22, எடை 250 கிராம்.

இவற்றில் ரேஞ்சுக்கு என்று கேட்டால் என் வரிசை தெளிவானது. பிரபலும் பழைய .32-ம் பரவாயில்லை, ஏனென்றால் எடை இருக்கிறது. நிர்பீக் சுமப்பதற்குச் சுகம், சுடுவதற்கு இல்லை. எடை குறைந்தால் உதைப்பு கூடும், டிரிக்கர் இழுக்கும்போது துப்பாக்கி அசைவதும் கூடும். நிடாரைக் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு வாங்க வேண்டாம். கால் கிலோ எடையில், கைக்குள் அடங்கிப்போகும் பிடியில், விரல்நுனி நீளப் பேரலில் எதையும் பழக முடியாது. .22 தோட்டா மென்மையானது, பழகுவதற்கு நல்லது என்பது உண்மை. ஆனால் அந்த நன்மை கிடைப்பது நீளமான, கனமான .22 துப்பாக்கியில்.

இதில் பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும். முன்பு மூன்று. இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்றை, ஆறு மாதத்தில் சலித்துப்போகும் ஒரு பொருளுக்குக் கொடுப்பதா? லைசென்ஸும் லேசில் கிடைப்பதில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை. தற்காப்புக்கு என்று கேட்டால் உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ரேஞ்சில் சுட ஆசை என்பதை அச்சுறுத்தல் என்று எழுதுவது பொய். அதைச் செய்யாதே என்று அக்கா மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

நீளப் பேரலுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மிடம் இருக்கும் .32 தோட்டாவின் முழுப் பெயர் .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் சுடுவது இதே தோட்டா வகைதான். இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர் எல்லாம் இதற்கென்றே பிஸ்டல் செய்திருக்கின்றன. 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர் ஜஸ்பால் ராணா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். 2006-ல் தோஹாவில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்ததும் இதில்தான். உதைப்பு குறைவு, ஒரே இடத்தில் விழும் குணம் அதிகம் என்பதால் இந்தத் தோட்டாவுக்கு அந்த மரியாதை. ஒரே வித்தியாசம், அவர்கள் முனை தட்டையான தோட்டா போடுவார்கள், காகிதத்தில் பஞ்ச் போட்ட மாதிரி வட்ட ஓட்டை விழும். நமக்குக் கிடைக்கும் கட்கி ஆலைத் தோட்டாவின் முனை உருண்டை, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஆக, குட்டை ரிவால்வரில் நாம் போடுவது மட்டமான தோட்டா இல்லை. நல்ல தோட்டாவை, அதன் திறமை வெளியே வராத துப்பாக்கியில் போடுகிறோம்.

அந்தப் போட்டியின் விதிப்படி பேரல் 153 மி.மீ. வரை இருக்கலாம், சைட்டுகளுக்கு இடையே 220 மி.மீ. வரை. ரிவால்வரும் அனுமதிக்கப்பட்டதே. என்னோடு ரேஞ்சுக்கு வரும் ஒரு பெரியவரிடம் அவர் அப்பா காலத்து வெளிநாட்டு .32 ஒன்று இருக்கிறது, நீளப் பேரல். அதை ஒருமுறை கையில் வாங்கிச் சுட்டபோது, நான் அத்தனை வருஷம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயம் என்று புரிந்தது. முன் மேடு ஆடாமல் நின்றது. ஐந்தில் நான்கு கருப்புக்குள் விழுந்தது.

ஆனால் அதை எங்கே போய் வாங்குவது? 1980-களின் நடுவிலிருந்து சாதாரண ஆட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி இல்லை. உள்ளே இருப்பதுதான் கைமாறுகிறது, அதனால் விலை வானத்துக்குப் போய்விட்டது. போட்டிக்கான புதிய பிஸ்டலை இறக்குமதி செய்ய வேண்டுமானால் நீங்கள் போட்டியில் தகுதி பெற்ற வீரராக இருக்க வேண்டும். அதற்கு முதலில் கிளப் துப்பாக்கியிலோ ஏர் பிஸ்டலிலோ புள்ளி எடுத்துக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் பாதை ஏர் பிஸ்டல் வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஏர் பிஸ்டல் என்றதும் அக்கா மகன் முகம் சுருங்கியது. "அது சின்னப் பசங்க சுடுறது மாமா" என்றான். அவனைப்போல நினைக்கிறவர்கள் நிறைய. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். அந்தக் காகிதத்தில் பத்தாம் வட்டம் 11.5 மி.மீ., சட்டை பொத்தான் அளவு. அதற்குள் 60 தடவை, ஒன்றேகால் மணி நேரத்தில், நின்றபடி ஒற்றைக் கையில் சுட வேண்டும். சின்னப் பசங்க வேலை இல்லை அது.

சட்டமும் இங்கே இலகுவாக இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மிகாமல், 20 ஜூல் சக்திக்கு மிகாமல் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் குண்டு அரை கிராம் சொச்சம், வேகம் நொடிக்கு 150, 160 மீட்டர். சக்தி ஆறேழு ஜூல்தான் வரும். அடையாள அட்டை, பில் எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். இரண்டு துப்பாக்கிக் கணக்கிலும் இது சேராது. தேர்தல் வந்தால் என் ரிவால்வரைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்து திரும்ப வாங்கும்வரை பயிற்சி நின்றுவிடும். ஏர் பிஸ்டலுக்கு அந்த இடைவெளி கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது தூரம். சென்னையில் இருப்பவர் சாயங்காலம் ரேஞ்சுக்குப் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தேவிபட்டினத்திலிருந்து மதுரைக்குப் போக வர 250 கிலோமீட்டர் பக்கம். பாம்பன், ராமேஸ்வரத்து ஆட்களுக்கு இன்னும் கூட. அதிகாலை கிளம்பி, பரமக்குடியில் காபி குடித்து, சுட்டுவிட்டு வீடு திரும்ப ஒரு முழு நாள். மாதம் ஒருமுறைதான் என்னால் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் 50 தோட்டா. வருஷத்துக்கு 600. ஏர் பிஸ்டலில் ஒரு நாளைக்கு 60 குண்டு என்று வீட்டில் சுட்டால் அதே 600 பத்து நாளில் முடிந்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் நான் சுட்டதை ஒருவன் நாலு மாதத்தில் சுட்டுவிடுவான். கைக்கு வேண்டியது இந்த எண்ணிக்கைதான். எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கியும் இதை ஈடு செய்யாது.

வீட்டில் பத்து மீட்டர் எங்கே என்று கேட்பார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் அதற்கென்றே கட்டினதுபோல இருக்கும். எங்கள் வீட்டில் வாசல் நடையிலிருந்து கொல்லைக் கதவு வரை பதினொரு மீட்டர் நேர்க்கோடு. குறியின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதற்கும் பின்னால் கனமான பலகை. சுடும்போது இரண்டு பக்கக் கதவும் தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும், நடுவில் எந்த அறை வாசலும் திறக்கக் கூடாது. மொட்டை மாடியில் சுடலாமே என்று தோன்றும், வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காகிதமும் நிற்காது, நீட்டிய கையும் நிற்காது. பக்கத்து மாடிக்கு யார் ஏறி வருவார்கள் என்றும் தெரியாது.

ஏர் பிஸ்டலின் காற்றழுத்தக் குழாயைக் கைப்பம்பில் நிரப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 200 பார் அழுத்தத்துக்கு அதை அமுக்கும்போது ஈரம் தண்ணீராகி உள்ளே தங்கிவிடும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாகப் பார்த்து வாங்குங்கள், நிரப்பும்போது நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஏர் பிஸ்டல் கையில் வந்ததும் சிலருக்கு வரும் ஒரு புத்தியையும் இங்கேயே சொல்ல வேண்டும். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நம் மாவட்டம் முழுக்கப் பறவைகள் வந்து இறங்கும் கண்மாய்கள். அந்தப் பறவைகள்மேல் குறி வைப்பது குற்றம், பாவமும்கூட. காகிதத்தில் சுடுவதற்கு மட்டும் ஆசை இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள்.

ரிவால்வரைத் தோப்பிலோ உப்பளத்திலோ வைத்துச் சுடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நம் மண் தட்டை மண். தோட்டாவைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. .32 தோட்டா குறி தவறினால் அரை கிலோமீட்டருக்கு மேலும் போகும். உப்பு வாருகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், விறகுக்குக் கருவேல் வெட்டுகிறவர்கள் என்று எந்த நேரமும் யாராவது இருப்பார்கள். கடலைப் பார்த்துச் சுட்டால் பத்திரம் என்று நினைப்பது அதைவிட மோசம். சாய்வாக விழும் தோட்டா தண்ணீரில் மூழ்காது, சிறுவர்கள் ஓட்டாஞ்சில்லு விடுவதுபோலத் தத்திப் போகும். கரையோரம் வலை வாங்குகிறவர் எங்கே நிற்கிறாரோ. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 2019 திருத்தத்தில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் துரு. தென்கடல் பக்கமோ வடகடல் பக்கமோ, கடற்கரையில் ரிவால்வர் வைத்திருப்பவருக்கு இது வாழ்நாள் வேலை. வாங்கிய முதல் வருஷம், ரேஞ்சிலிருந்து வந்த அலுப்பில் துடைக்காமல் தோல் உறையிலேயே வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது பேரல்மேல் என் கட்டைவிரல் ரேகை செம்பழுப்பாகப் பதிந்திருந்தது. வியர்வையின் உப்பு, காற்றின் உப்பு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் தோல் மூன்றும் சேர்ந்த வேலை. அந்த அடையாளம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து உறை வேறு, துப்பாக்கி வேறு. சுட்ட அன்றே பேரலுக்குள் பித்தளைத் தூரிகை விட்டு, ஈயமும் கரியும் எடுத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வைக்கிறேன். சிலிண்டரின் முன்முகத்தையும், பிடிக் கட்டைக்கு உள்ளே மறைந்திருக்கும் இரும்பையும் பலர் விட்டுவிடுவார்கள். அங்கேதான் முதலில் பிடிக்கும். ஏர் பிஸ்டலில் கரி கிடையாது, அலுமினியம் அதிகம், பராமரிப்பு பாதிகூட இல்லை.

இவ்வளவும் சொன்னபிறகு, குட்டை ரிவால்வரை நான் ஏன் இன்னும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். விரல் என்ன செய்கிறது என்பதை அதைப்போல நேர்மையாகக் காட்டும் துப்பாக்கி வேறு எனக்குத் தெரியாது. அதனால்தான்.

ஏற்கெனவே லைசென்ஸும் குட்டை ரிவால்வரும் வைத்திருப்பவர்கள் அதை அலமாரியிலேயே விடாமல் ரேஞ்சுக்குக் கொண்டுபோங்கள். போகுமுன் அங்கே .32 சுட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 10 மீட்டர் ஏர் கூடம் மட்டும் உள்ள இடங்கள்தான் அதிகம். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில். தோட்டா தனியாக. அசல் லைசென்ஸ் சட்டைப்பையில். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இரண்டும் கட்டாயம். குட்டைப் பேரலில் மருந்து முழுதும் எரிந்து முடியுமுன் தோட்டா வெளியேறிவிடுவதால் தீப்பொறியும் சத்தமும் அதிகம்.

தூரம் 25 மீட்டர் வேண்டாம். ஏழு மீட்டரில் தொடங்குங்கள். பத்து தோட்டாவும் உள்ளங்கை அளவில் விழும்வரை அங்கேயே இருங்கள், பிறகு பத்துக்குப் போகலாம். இரண்டு கையாலும் பிடியுங்கள். கட்டைவிரல் இரண்டும் சிலிண்டரின் முன்விளிம்புக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி உண்டு, சுடும்போது அதன் வழியே கொதிக்கும் வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இதை மறந்து விரல் நீட்டிச் சுட்டுக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரும் இதே காரணத்துக்காக உங்களுக்கு நேர் பக்கவாட்டில் நிற்கக் கூடாது.

ஒரு பயிற்சி உண்டு, ரிவால்வரில் மட்டுமே இவ்வளவு எளிதாக அமையும். ரேஞ்ச் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆறு அறையில் மூன்றில் தோட்டா, மூன்றில் சுட்ட காலிக் கூடு. சிலிண்டரைச் சுற்றிவிட்டு, பார்க்காமல் மூடுங்கள். முனை எப்போதும் குறிப் பக்கம். இப்போது எது வெடிக்கும் எது வெடிக்காது என்று உங்களுக்குத் தெரியாது. டிரிக்கரை இழுங்கள். காலிக் கூட்டில் ஹேமர் விழும்போது முனை கீழே குத்தினால், அதுதான் உங்கள் பயம். வெடிச்சத்தத்துக்கு முன்பே கை தன்னால் அமுக்குகிறது. தோட்டா வெடித்தால் உதைப்பில் இது மறைந்துவிடும், காலியில் மறைக்க முடியாது. எனக்கு இந்தக் குத்தல் போக இரண்டு வருஷம் ஆயிற்று. இன்றும் மதுரையில் முதல் ஆறு தோட்டாவை இப்படித்தான் சுடுகிறேன்.

வீட்டில் துப்பாக்கியைக் காலியாக்கி, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, பயிற்சிக்கென்று விற்கும் போலித் தோட்டா போட்டு டிரிக்கர் மட்டும் இழுத்துப் பழகலாம். முன் மேட்டின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் பாருங்கள். டபுள் ஆக்‌ஷனில் இழுத்து முடித்தபிறகும் காசு விழாமல் இருந்தால் உங்கள் விரல் தேறிவிட்டது. .22 ரிவால்வரில் மட்டும் போலித் தோட்டா இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் அடித்து உலோகம் நசுங்கும்.

முன் மேடு கண்ணுக்குத் தெரியவில்லை என்பவர்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், அதன் முனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன். பார்வை அந்தச் சிவப்பின் மேலேயே இருக்கட்டும், குறிவட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். சுட்டு முடித்ததும் சாப்பாட்டில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் கையோடு ஒட்டி வரும்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். புதிதாக வருகிறவன் ஏர் பிஸ்டலில் தொடங்கு. அதையும் உடனே வாங்காதே. முதல் மூன்று மாதம் மதுரையில் கிளப்பின் ஏர் பிஸ்டலில் சுடு, சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். கை பழகி, ஆசையும் நிலைத்தால் நல்லதாக ஒன்று வாங்கலாம். பிறகு போட்டிக்குப் போகும் எண்ணம் வந்தால் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலும் சென்டர் ஃபயரும் கிளப் வழியாகவே திறக்கும். குட்டை ரிவால்வருக்கு லைசென்ஸ் கேட்டு அலைய ரேஞ்ச் ஆசை மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. குட்டை ரிவால்வரில் சுட்டுப் பார்க்க ஆசை இருந்தால் ரேஞ்சில் பொறுப்பாளர் அனுமதித்தால் என்னுடையது இருக்கிறது, என் கண் முன்னால், ஏழு மீட்டரில்.

போன ஞாயிறு வந்தான். முதலில் கிளப் ஏர் பிஸ்டலில் நாற்பது குண்டு. கடைசி பத்தில் ஆறு கருப்புக்குள். பிறகு பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, என் ரிவால்வரில் ஆறு தோட்டா, டபுள் ஆக்‌ஷன், ஏழு மீட்டர். இரண்டு தோட்டா காகிதத்திலேயே படவில்லை, மூன்று இடது ஓரம், ஒன்று கருப்பில். காதடைப்பைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்த ஏர் பிஸ்டல் அடுத்த மாசமும் கிடைக்குமா?" என்றான்.

கேட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அவன் காரில் போகிறோம்.